பழைய கடுதாசிதான் என்றேன்

1

இன்று காலை நான் செய்த வேலை மூன்று குறிகள். இரண்டு சிறு கோடு, ஒரு அம்புத்தலை. அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. இதற்கு ஜெர்மனியில் சம்பளமும் தருகிறார்கள், நம்பினால் நம்புங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையை விளக்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். இணையதளம் கட்டுகிறவர்களுக்காக ஆயத்தமான ஒரு சட்டகம் இருக்கிறது. வீடு கட்டுகிறவனுக்குக் கம்பியும் பலகையும் முன்கூட்டியே பொருத்திக் கொடுப்பது மாதிரி. அதை எப்படிப் பாவிப்பது, அதற்குள் ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது என்று சொல்ல இணையத்தில் பெரிய கையேடு ஒன்று உண்டு. பல நாட்டு ஆட்கள் எழுதியது. எழுதும்போது ஒவ்வொரு பத்திக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் தொடக்கக் குறி ஒன்று, முடிவுக் குறி ஒன்று போடவேண்டும். அவசரத்தில் ஒன்றைத் திறந்து மூட மறந்துவிடுவார்கள். அதைத் தேடிப் பிடித்து மூடுவதுதான் என் பிழைப்பு.

குறிகளிலேயே பொல்லாதது மறைக்குறி. எழுதுகிறவர் தனக்காக ஏதாவது குறித்து வைப்பார், அது பக்கத்தில் தெரியக்கூடாது. அதற்காக மறைக்குறியைத் திறந்து, எழுதி, இரண்டு கோடும் அம்புத்தலையும் போட்டு மூடுவார். மூட மறந்தால் கீழே வருவதெல்லாம் அதற்குள் போய்விடும். உலாவி ஒரு வார்த்தை முணுமுணுக்காது. பக்கம் ஒன்றுமே நடக்காதது போல அழகாகத் தெரியும்.

இன்று மறைந்து கிடந்தது ஒரு எச்சரிக்கை. 'இந்தக் கட்டளையை நடப்பிலுள்ள தளத்தில் ஓட்டாதீர்கள், எல்லாம் அழிந்துவிடும்' என்று நாலு வரி. எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் ஓட்டிவிட்டான். அவனுடைய கடையின் தளம் போய்விட்டது. கையேட்டில் ஏன் சொல்லவில்லை என்று கொதித்து எழுதியிருந்தான். எச்சரிக்கையை எழுதியவர் நிதானமாகப் பதில் போட்டிருந்தார். நான் எழுதியிருக்கிறேன், கோப்பில் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள் என்று. அவர் சொன்னதும் பொய்யில்லை.

அதைப் படித்ததும் என் கை நின்றுவிட்டது. இதே பதிலை, இதே நிதானத்தோடு, இலங்கையில், பதுளையில் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பதிலுக்குக் காரணமான கடுதாசி வந்து இன்றோடு ஒரு வருஷம்.

2

நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், நடு லயத்தின் மூன்றாவது காம்பராவில் பிறந்தவள் நான். ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக் கட்டிய ஆறு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, எல்லோருக்கும் ஒரு தண்ணீர்க் குழாய். இப்போது அதே காம்பராவில் என் அக்கா புஷ்பராணி இருக்கிறாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில். அவள் இன்னமும் கொழுந்து எடுக்கிறாள்.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம். ஆபீஸ் கடுதாசி எது வந்தாலும் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள். பிரித்து என்ன செய்வது? சிங்களத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இங்கிலீஷில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஆள் வரும்வரை சாமி பார்த்துக்கொள்ளும். எடுக்கும்போது ஓரமெல்லாம் விபூதி அப்பியிருக்கும். பதினோரு வயதில் அந்தப் படிக்கத் தெரிந்த ஆள் நானானேன். பதுளைப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் ஒழுங்காகப் படித்தது லயத்தில் நான் ஒருத்திதான். கடுதாசி வந்தால், 'சுமதி புள்ள வரட்டும்' என்பார்கள். நான் பஸ்ஸில் தொங்கி வந்து புத்தகப் பையை இறக்குவதற்குள் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். ரொட்டி வரும், அவித்த கிழங்கு வரும். கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைக்குக்கூட அவ்வளவு மரியாதை இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பவே பிடித்திருந்தது.

கல்யாணம் கட்டி ஜெர்மனிக்கு வந்தேன். கணவருக்குப் பார்சல் கிடங்கில் வேலை. நான் நாலு வருஷம் ஒரு ஆபீஸைக் கூட்டித் துடைத்தேன். பதுளையில் படித்த கம்ப்யூட்டர் படிப்பு துருப்பிடிக்கக்கூடாதே என்று வீட்டில் அந்தக் கையேட்டை வைத்துத் தளம் கட்டிப் பழகினேன். பிழை கண்ட இடத்தில் திருத்தி அனுப்பினேன். யாரும் கூலி தரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு நிறுவனம், இந்தப் பெண் எல்லாவற்றையும் கடைசி வரிவரை படிக்கிறாள் என்று அரை நாள் வேலை கொடுத்தது. கடைசி வரிவரை படிக்கிறாளாம். இதைச் சிரிக்காமல் எழுத எனக்கு இப்போது முடியவில்லை.

இங்கே வாழ்வது பற்றி என்ன சொல்ல? தொரை, ஐயா என்று வளைந்து பேசிப் பழகிய வாய், வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்து அதிகாரியைப் பார்த்து ஜெர்மன் மொழியில் 'நீ' என்று சொல்லித் தொலைத்தது. மனுஷன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்த விசா ஐந்து மாதம் இழுத்தது. கோயிலில் யாழ்ப்பாணத்து அம்மாமார் அன்பாகத்தான் பேசுவார்கள். 'ஊரில எவடம் பிள்ளை?' என்பார்கள். பதுளை என்றால், தோட்டத்து ஆளா என்று புரிந்துகொண்ட ஒரு 'ஓ' வரும். அந்த 'ஓ' கொஞ்சம் நீளமாக இருக்கும். அதற்குப் பிறகு பேச்சு மழை, குளிர் என்று போய்விடும்.

3

போன் வந்ததும் நான் மறுபடி லயத்தின் வாசிப்புக்காரியானேன். அக்காவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தேன். ஆறு காம்பராவின் கடுதாசியும் அவளிடம் வரும். அவள் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், நான் படித்து வாய்ச்செய்தியாகச் சொல்வேன். மேட்டு லயத்து ஆட்கள் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோவார்கள். அவர் ஒரு தடவை ஒரு பிறப்புப் பத்திர விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டு, நம் ஆட்கள் யாரும் அவரிடம் போகவே கூடாது என்று கட்டளை போட்டேன். எல்லாம் எனக்கு அனுப்புங்கள் என்றேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு தொரைத்தனம்.

மீரியபெத்தையில் மலை சரிந்து மண் லயத்தையே மூடிய பிறகு எங்கள் பக்கம் ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரு கடுதாசி வரும். இந்த லயம் குடியிருக்க உகந்ததல்ல, அவதானமாக இருக்கவும். போக இடம் மட்டும் அதில் எழுதியிருக்காது. வருஷக்கணக்காக அதே வாசகம். நானும் படித்துச் சொல்வேன், அவர்களும் சரி என்பார்கள், கடுதாசி சாமிக்குப் பின்னால் போகும்.

போன வருஷம் மழை வேறு மாதிரி. லயத்தின் பின்சுவரில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் சுவரில் சிவப்பு மையால் குறி போட்டுப் போனார்கள். அடுத்த வாரம் கடுதாசி வந்தது. எங்கள் லயத்திலும் மேட்டு லயத்திலும் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒன்று, ஒரே கடுதாசி. செவ்வாய்க்கிழமை அக்கா தன்னுடையதை இரண்டு படமாக அனுப்பினாள். அந்த வாரம் கையேட்டின் புதிய பதிப்பு வெளிவரவேண்டிய வாரம். தலைக்கு மேல் வேலை. முதல் படத்தைத் திறந்தேன். இந்த லயம் குடியிருக்க உகந்ததல்ல. மூன்று வரி படித்தேன், மனப்பாடம் ஆன மூன்று வரி. வாய்ச்செய்தி போட்டேன்.

"பழைய கடுதாசிதான் அக்கா. சாமி படத்துக்குப் பின்னால வை. ஞாயித்துக்கிழமை முழுசா படிச்சுச் சொல்றேன்."

இரண்டாவது படத்தைத் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் மாயாவின் சிநேகிதிக்குப் பிறந்தநாள். கேக் வாங்கி, அவளைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்து, சமைத்து, படுத்துவிட்டேன். திங்கட்கிழமை மேட்டு லயத்து ஆட்கள் லாரி பிடித்துப் பதுளைக்குப் போனார்கள். எங்கள் லயம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து மலைக்கு ஏறியது. சும்மா ஒரு நாள் பேர், ஒரு நாள் கூலி, போவானேன்?

அதிலிருந்து மூன்றாம் வாரம் பெரட்டுக்களத்தில் பட்டியல் ஒட்டினார்கள். மேட்டு லயம் முழுவதற்கும் ரோட்டுப் பக்கத்தில் காணி, வீடு கட்ட உதவி. எங்கள் லயத்தில் ஒருத்தர் பேரும் இல்லை. அக்கா போனில் அதைச் சொன்ன பிறகுதான் அந்த இரண்டாவது படத்தைத் திறந்தேன். அடையாள அட்டையோடு திங்கட்கிழமைக்குள் நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும், வராதவர்கள் காணி வேண்டாமென்று சொன்னதாகக் கொள்ளப்படும். தெளிவான சிங்களம். படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

நான் அழுதேன். அக்கா அழவில்லை.

"விடு புள்ள," என்றாள். "படம் அனுப்ப நான்தான் மறந்துட்டேன்னு லயத்துல சொல்லிட்டேன். நீ அங்கிட்டு இருந்துக்கிட்டு எதுக்குப் பேர் கெடுத்துக்கணும்?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் குறிப்பில் எழுதக் கூசுகிற வரி இதுதான், ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு அப்போது நெஞ்சு லேசானது.

4

பெப்ரவரியில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு பதுளை ஆபீஸில் மூன்று நாள் காத்திருந்தேன். இங்கே இலக்கச் சீட்டு எடுத்து உட்கார்ந்து பழகிவிட்டேன். அங்கே நிற்பதற்கும் தள்ளுவதற்கும் வேறு பலம் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையான மனுஷன். கோப்பை எடுத்து, கடுதாசி பெற்றுக்கொண்டதற்கு அக்கா வைத்த கையெழுத்தைக் காட்டினார்.

"உங்கட கஷ்டம் விளங்குது. ஆனா கடிதம் குடுபட்டிருக்கு, கையெழுத்தும் கிடக்கு. எழுதினதுக்கு மேல நாங்கள் என்ன செய்யிறது?"

சரிதான். அவர்கள் எழுதியிருக்கிறார்கள். கோப்பில் இருக்கிறது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இன்னொன்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்ப, இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசிச்சுச் சொன்னது ஆர்?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் வாசிக்கலைங்க ஐயா. நான்தான் மறந்துட்டேன்."

நான் ஜெர்மனியில் வாங்கிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் இருந்தது, தமிழும் சிங்களமும் இருந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. சொல்லியிருந்தால் காணி கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. அந்தக் காரணத்தைத்தான் பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி நெடுக எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

லயத்தில் என்னை எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. அக்காவோடுதான் யாரும் பேசவில்லை. குழாயடியில் அவள் குடம் எப்போதும் கடைசி. மழை கூடினால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் படுக்கப் போவார்களாம். அங்கேயும் அவள் பாய் கதவோரம், சாரல் அடிக்கிற இடத்தில். ஐம்பது வருஷம் ஒரே சுவரைப் பகிர்ந்த ஆட்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் வரவேண்டிய கோபம்!

புறப்படுகிற அன்று ஆறு காம்பராவுக்கும் சாக்லேட் கொடுத்தேன். பக்கத்துக் காம்பரா செல்லாயி அக்கா சாக்லேட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எனக்குச் சின்ன வயதில் தலை வாரிவிட்டவள்.

"புள்ள, எங்ககிட்டச் சொல்ல ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

ஆபீஸ் விஷயத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்று சொன்னார்கள் என்றேன். சரி என்றாள். போய்விட்டாள்.

திரும்பி வந்த பிறகு அக்கா வாரத்துக்கு ஒரு தரம் பேசுவாள். கடுதாசி ஏதும் வந்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். போன வருஷம் முதல் ஒரு படமும் எனக்கு வரவில்லை. பட்டியல் என்று சொல்லி ஏமாற்றிவிட்டு ஆபீஸ் தூங்குகிறது என்று இங்கே தெரிந்தவர்களிடமெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

5

மாயாவுக்குப் பதினாலு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். நான் கூப்பிட்டால் காதில் மாட்டியிருப்பதில் ஒன்றை மட்டும் எடுப்பாள், மற்றது பாட்டுக்கு. அவளோடு நான் உருப்படியாகப் பேசுவது கடுதாசி வரும்போது மட்டும்தான். கையேட்டின் இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜெர்மன் அரசாங்கக் கடுதாசி என்றால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் தலை சுற்றும். ஆகவே அவள் படித்துச் சொல்வாள். அவள் வரும்வரை அந்தக் கடுதாசிகளை எங்கே வைக்கிறேன் தெரியுமா? குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், முருகன் படத்துக்குப் பின்னால். கை தானாகவே அங்கே போகிறது.

இன்று அந்த மூன்று குறிகளைப் போட்டு முடித்து, மத்தியானம் சோறு போட்டுவிட்டு, குடியுரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடுதாசியை அவளிடம் நீட்டினேன். சோற்றை மென்றுகொண்டே பார்த்தாள், அப்படியும் இப்படியும் திருப்பினாள், மேசையில் போட்டாள்.

"பழசுதான். ஒன்றுமில்லை," என்றாள் ஜெர்மனில்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. தோட்டத்துத் தமிழில் வந்த வசவெல்லாம் அவளுக்கு விளங்கியிருக்காது, அது ஒன்றுதான் ஆறுதல். கடுதாசியைப் பிடுங்கி, அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. உண்மையிலேயே பழசுதான். விண்ணப்பம் கிடைத்தது, காத்திருக்கவும், அவ்வளவுதான். அவள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் சொன்னேன், அம்மா. உனக்கு என்ன பிரச்சினை?"

கதவைச் சாத்திக்கொண்டாள். என் பிள்ளை இரண்டு பக்கமும் படித்திருக்கிறாள். அதைக் கேட்டபோது வந்த வெட்கம் அதிகாரி முன்னால்கூட வரவில்லை.

என் வேலையில் ஒரு விதி உண்டு. எதைத் திருத்தினாலும் என்ன பிழை, என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதி, கீழே பேர் போடவேண்டும். அந்தப் பிழையை முதலில் யார் செய்தது என்பதும் வரலாற்றில் அப்படியே நிற்கும், அழிக்க முடியாது. அதற்காக யாரும் யாரையும் கடிந்துகொள்வதில்லை. இன்று காலை, 'மூடாத மறைக்குறியை மூடினேன், எச்சரிக்கை இனித் தெரியும்' என்று எழுதி என் பேரைப் போட்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

போனை எடுத்தேன். லயத்துக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, நான் தொடங்கியதுதான். வாய்ச்செய்தி பதிந்தேன், அழித்தேன். நாலு தடவை. முதல் தடவை புதிய பதிப்பு வேலை என்று இருந்தது. அடுத்ததில் பிறந்தநாள் கேக் வந்தது. அதற்கடுத்ததில் நான் அழுதேன். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது.

"சுமதி பேசுறேன். போன வருஷக் கடுதாசிய அக்கா அன்னைக்கே எனக்கு அனுப்பிட்டா. ரெண்டாவது பக்கத்த நான் படிக்கல. படிக்காமலே பழசுன்னு சொன்னேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. காணி போனது என்னாலதான்."

அங்கே ராத்திரிச் சோறு சாப்பிடுகிற நேரம். ஒவ்வொருவராகக் கேட்டது திரையில் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்துச் செல்லாயி அக்காவின் குரல் வந்தது. பின்னால் தகரக் கூரையில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எங்களுக்குத் தெரியும் புள்ள. மேட்டு லயத்துக்காரங்க லாரியில ஏறச் சொல்லிக் கூப்புட்டப்ப, 'தங்கச்சி பழசுன்னு சொல்லிட்டா'ன்னு உங்க அக்கா எங்க எல்லார் முன்னாடியுந்தானே சொன்னா. பொறகு அனுப்பவே மறந்துட்டேன்னு எங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னா. அவ மேல கோவம் அதுக்குத்தான். நீ வந்தப்ப நானே கேட்டேன், சொல்ல ஏதாச்சும் இருக்கான்னு."

செய்தி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இப்ப வர்ற கடுதாசியெல்லாம் நாங்க அன்னைக்கே வாத்தியார்கிட்டக் கொண்டுபோயிர்றோம். உனக்கு ஏன் சிரமம். நீ வேலையப் பாரு."

குழுவை விட்டு வந்து, அக்கா எனக்குத் தனியாக அனுப்பியதையெல்லாம் மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். எனக்கு வந்த கடைசிப் படம் அந்த இரண்டாவது பக்கம்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வெறுமை. ஆபீஸ் தூங்குகிறது என்று நான் திட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு வருஷமும் கடுதாசிகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன.